விமானம் ஏன் நெருப்புக் கொட்டியது?

கேள்வி: சின்ன வயதில், கிபிர் போர்விமானம் குத்தி எழும்பும்போது பின்னால் வெளிச்சக் கட்டிகள் விழக் கண்டேன். அவை குண்டுகளா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: குண்டல்ல, பிள்ளை. மனிசி பங்கருக்குள் கூப்பிடக் கூப்பிட, வேப்பமரத்தடியில் நின்று நானும் அண்ணாந்து பார்த்தவன்தான், பேச்சும் வாங்கினேன். வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையை ஏமாற்றும் மக்னீசியத் தீப்பந்தங்கள் அவை. எஞ்சினைவிட உக்கிரமாக எரிவதால் ஏவுகணை அவற்றின் பின்னால் போய்விடும்.

ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்கு இந்த வித்தை பலிக்காது; அதற்கு வேறு வித்தை. 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகரின்மேல் பிரித்தானிய விமானங்கள், அலுமினியம் ஒட்டிய கடதாசிக் கீலங்களைக் கட்டுக்கட்டாகக் கொட்டின. நீளம் 27 சென்ரிமீற்றர். ஏன் 27? ஜேர்மனியரின் வூர்ஸ்பேர்க் ரேடாரின் அலைநீளம் ஏறத்தாழ 53. அதில் பாதி நீளத் துண்டுதான் அலையை நன்றாகத் திருப்பி எறியும். திரை முழுக்கப் பொய் விமானங்கள்!