நல்ல வீரர்களைப் பிடித்துவிட்டால் போதாதா? துணை கோச் மாறினால் என்ன ஆகிவிடும்?

கேள்வி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியது. பள்ளியிலிருந்து சிறந்த பையன்களைத் திரட்டிவிட்டால் புள்ளி எடுக்கும் ஆஃபென்ஸும் அதைத் தடுக்கும் டிஃபென்ஸும் தானாகச் சமமாகிவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆகாது. 2018 ஆகஸ்டில் முதுகலை படிக்க லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் போனேன். ஊரே எல்எஸ்யூ என்றுதான் சொல்லும். அந்த நவம்பரில் டைகர் ஸ்டேடியத்தில் அலபாமாவிடம் 29-0 என்று தோற்றோம். ஒரு லட்சம் பேர் கத்தும் இடத்தில், கடைசி நிமிடங்களில் முன்வரிசைக்காரர் பாப்கார்ன் பையைக் கசக்கும் சத்தம் கேட்டது. அன்று பந்தை எறிந்தவர் ஜோ பர்ரோ. அணியில் ஜஸ்டின் ஜெஃபர்சன் இருந்தார், ஜமார் சேஸ் இருந்தார். ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

2018-ல் பர்ரோ எறிந்த டச்டவுன்கள், அதாவது பந்தை எதிரணிக் கோட்டுக்குள் சேர்த்த எறிதல்கள், 16. அடுத்த வருடம் 60! இடையில் தலைமை கோச் எட் ஓர்ஜரான் செய்தது, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற 29 வயதுக்காரரைக் கூட்டிவந்ததுதான். பழைய ஆஃபென்ஸ் கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கரையும் கைவிடவில்லை. இருவரும் சேர்ந்து ஐந்து பேரைக் களம் முழுக்க விரித்து ஓடவிட்டார்கள். அதே பையன்கள்தான், ஆட்டம் வேறு.

ஆனால் வேகமாகப் புள்ளி எடுக்கும் ஆஃபென்ஸ், தன் டிஃபென்ஸுக்கு மூச்சுவிட நேரம் தராது. 2019 நவம்பரில் ஓல் மிஸ் அணியை 58-37 என்று வென்றோம், ஆனால் அவர்களை 600 கெஜத்துக்கு மேல் முன்னேற விட்டோம். இதோடு சாம்பியன் ஆக முடியாது என்று நினைத்தேன். டிஃபென்ஸ் கோச் டேவ் அராண்டா அதைச் சரிசெய்தார். இரண்டே வாரத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் எடுத்தது 7 புள்ளி. அதற்கடுத்த வாரம் ஜார்ஜியா 10. பர்ரோவின் எறிதலைவிட எனக்கு அந்த மூன்று வாரம்தான் பெரிது. 15 ஆட்டமும் ஜெயித்துக் கோப்பை வாங்கினோம்.

அப்புறம் பிரேடி கரோலினா பேந்தர்ஸுக்குப் போனார், அராண்டா பெய்லருக்குத் தலைமை கோச்சாகப் போனார். 14 வீரர்களைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தவர்களும் நாடே தேடிய பையன்கள்தான். ஆனால் புது டிஃபென்ஸ் கோச் போ பெலினி, முன்னால் மூன்று பேர் நின்ற அமைப்பை நான்காக மாற்றினார். ஒரு வேலைக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த பையனுக்கு இப்போது வேறு வேலை. 2020-ன் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டின் கே.ஜே. காஸ்டெல்லோ 623 கெஜம் எறிந்தார். எல்எஸ்யூ ஆடும் எஸ்இசி லீக்கில் அது சாதனை. சீசன் 5 வெற்றி, 5 தோல்வியில் முடிந்தது.

ஆள் பிடிப்பதும் பெரும்பாலும் இந்தத் துணை கோச்சுகள்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம். பையன் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, பள்ளி கோச்சிடம் பேசி, மாதக்கணக்கில் பின்னால் அலைவார்கள். அப்படி அலைந்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் பையன் மனமும் ஆடும். எந்த இடத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் அவரோடு குழம்பும். எறிபவரைக் காக்க முன்னால் நிற்கும் ஆஃபென்ஸ் லைனில் இது ரொம்ப உறைக்கும். 18 வயதில் வருபவன் அங்கே தேற இரண்டு மூன்று வருடம் ஆகும், அவசரத்துக்கு ஆள் கிடைக்காது.

2019-ல் எங்கள் லைன்தான் நாட்டிலேயே சிறந்தது என்று ஜோ மூர் விருது வாங்கியது. அதில் பெரும்பாலானவர்கள் கிளம்பியபின், அடுத்த அக்டோபரில் மிசௌரியோடு ஆட்டம். 45-41 என்று பின்தங்கி நிற்கிறோம், கடைசி நிமிடம். கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் பாக்கி, நான்கு வாய்ப்பு கையில். டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். நான்கிலும் உள்ளே போக முடியவில்லை.