ஆச்சியிடம் கேளுங்கள்: ஆளில்லாத் தீவும் அங்கே பிறந்தவர்களும்

கேள்வி: ஆச்சி, என் மகள் தொண்டியில் கடலியல் படிக்கிறாள். சாகோஸ் தீவுகளைப் பற்றி வாசித்துவிட்டு, 'ஐம்பது வருஷமாக ஆள் இல்லாததால்தான் அங்கே பவளப்பாறையும் மீனும் பிழைத்திருக்கின்றன, மறுபடியும் ஆட்களைக் குடியேற்றினால் எல்லாம் பாழாகிவிடும்' என்கிறாள். எங்கள் ஐயா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். 'அவர்களும் நம்மைப் போல விரட்டப்பட்டவர்கள், சொந்த ஊருக்குப் போக விடுவதுதான் நியாயம்' என்கிறேன் நான். ஒரு வாரமாகச் சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். நீங்கள் சொல்லுங்கள். (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: நியாயம் உங்கள் பக்கம்தான் தம்பி. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. உங்கள் மகள் சொல்லும் காரணத்தில் பாதி சரி.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாகோஸ் என்பது மாலத்தீவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள். தென்னந்தோப்பு வேலைக்காக 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் நம் நாட்டிலிருந்து கூலிகள் போனார்கள். எல்லோரும் கலந்து ஒரே சனமாகி, தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை போட்டு, மீன் பிடித்து, தேவாலயம் கட்டி, செத்தவர்களை அங்கேயே புதைத்து வாழ்ந்தார்கள்.

1965-இல், மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, பிரிட்டன் அந்தத் தீவுகளை மட்டும் 30 லட்சம் பவுண்டு கொடுத்துத் தனியே பிரித்துக்கொண்டது. அவற்றில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்கா படைத்தளம் அமைக்க வேண்டும், அதற்குத் தீவுகள் காலியாக இருக்க வேண்டும். 'அங்கே நிரந்தரக் குடிகள் யாருமில்லை, வந்துபோகும் கூலிகள்தான்' என்று உலகத்துக்குச் சொன்னார்கள். 1968-க்கும் 1973-க்கும் இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை அப்புறப்படுத்தினார்கள். 1971-இல் டியேகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள்.

பெரோஸ் பான்ஹோஸ் தீவிலிருந்த ரீட்டா பான்கூல் என்ற தாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. மகளின் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. வைத்தியத்துக்காக 1968-இல் குடும்பத்தோடு கப்பலேறி மொரீஷியஸ் போனார். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஊர் திரும்பக் கப்பல் கேட்டுப் போனபோது, 'உங்கள் தீவு விற்றாகிவிட்டது, இனி போக முடியாது' என்றார்கள். கட்டிய துணியோடு போர்ட் லூயி சேரியில் தங்கிவிட்டது அந்தக் குடும்பம். அவர் மகன் ஒலிவியே பான்கூல்தான் பிற்பாடு லண்டனில் வழக்குப் போட்டார். 2000-இல் ஜெயித்தார். 2004-இல் நாடாளுமன்றத்துக்கே கொண்டுபோகாமல் மகாராணி பெயரில் ஆணை போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். 2008-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவரில் மூவர் அந்த ஆணை செல்லும் என்றார்கள்.

தீவுகளைச் சுற்றிய கடலைப் பிரிட்டன் கடற்காப்பகமாக அறிவித்தது அதற்குப் பிறகுதான், 2010 ஏப்ரலில். 6,40,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மீன் பிடிக்கவே கூடாது என்று சட்டம். மீன் பிடிக்காமல் ஒரு தீவில் யார் குடியிருக்க முடியும்? காப்பகம் அமைத்துவிட்டால் பழைய குடிகள் திரும்பக் கேட்பதற்கு வழியிருக்காது என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் பேசியது, 2009-ஆம் வருஷத்துத் தூதரகத் தந்தியில் பதிவாகியிருக்கிறது. விக்கிலீக்ஸ் அதை வெளியிட்டபோதுதான் தீவுக்காரர்களுக்கே தெரிந்தது. மொரீஷியஸின் மீன்பிடி உரிமையை மதிக்காமல் காப்பகத்தை அறிவித்தது கடல் சட்டத்துக்கு விரோதம் என்று 2015-இல் சர்வதேச நடுவர் மன்றமும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் மகளிடம் சொல்லுங்கள். ஆளில்லாத கடலைப் பற்றி அவள் வாசித்திருக்கிறாள், ஆள் இல்லாமல் போனது எப்படி என்பதையும் அவள் வாசிக்க வேண்டும்.

இனி உங்கள் காரணத்துக்கு வருகிறேன். என் ஐயாவுக்கும் பர்மாவில் பெகு பக்கம் நெல் வயல் இருந்தது. 1948-லேயே பர்மா அரசு நிலத்தையெல்லாம் தேசியமாக்கச் சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் வருஷா வருஷம் ஐந்தொகை எடுக்கும்போது அந்த வயலை வரவில் எழுதிவிட்டுத்தான் மறு வரி எழுதுவார். நான் சிறுமி, வளவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "இல்லாத நிலத்தை ஏன் ஐயா எழுதுறீங்க?" என்று கேட்டேன். "நிலம் அங்கனதான் இருக்கு ஆத்தா, நாமதான் இல்ல" என்றார். அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வயலை உழுதவர் பர்மாக்காரர். 1930-இல் நெல் விலை விழுந்ததில் அவர் கடனைக் கட்ட முடியாமல் போய், அது எங்கள் பேரேட்டுக்கு வந்தது. நகரத்தாராகிய நாம் அங்கே வட்டித்தொழிலுக்குப் போனவர்கள். திரும்பி வர நமக்குத் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் இருந்தன, ஆத்தங்குடிக் கல் பதித்த வீடும் ஒன்பது கோயிலும் இருந்தன. சாகோஸ்காரர்களுக்குத் திரும்பி வர வேறு ஊரே கிடையாது. ஆகவே 'நம்மைப் போல' என்று சொல்லாதீர்கள் தம்பி. நம் இழப்பும் இழப்புதான், ஆனால் அவர்கள் கேட்பது நம்முடையதைவிடப் பெரிய உரிமை.

மகளின் பாதி நியாயத்தையும் தள்ளக்கூடாது. அந்தக் கடல் உண்மையிலேயே பொக்கிஷம். மனிதர்கள் அங்கே கேடு செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கப்பல்களோடு வந்த எலி, கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றது, இன்னும் தின்கிறது. பறவைகள் ஆழ்கடலில் மீன் தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடும். மழையில் அது கரைந்து பாறைக்கு உரமாகும். எலி ஏறாத தீவுகளை ஒட்டிய பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதலாக இருப்பதாக 2018-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அவள் இதைப் படித்திருப்பாள். சரி, அந்த எலியை ஒழிக்கத் தீவில் ஆள் வேண்டாமா? பறவையைக் கொன்ற தென்னந்தோப்பை நட்டது முதலாளி, கொப்பரை போட்டவன் வேலைக்காரன். அவனுடைய பேரனிடம் அந்தத் தோப்பைத் திருத்தி, பழைய காட்டு மரங்களை வளர்க்கும் வேலையைக் கொடுக்கலாமே.

அப்புறம், அங்கே பவளம் பெருவாரியாகச் செத்தது 1998-லும் 2015, 2016-லும். கடல் சூடேறியதால் வெளுத்துச் செத்தது. அப்போது அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் குடும்பம் நடத்தியவர் எவரும் இல்லை. டியேகோ கார்சியாவில் மட்டும் சில ஆயிரம் பேர் எப்போதும் இருக்கிறார்கள், விமான ஓடுதளம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்கள் பல வருஷங்களாகக் கழிவுநீரை அந்தக் காயலில் விட்டது 2014-இல் வெளியே வந்தது. வெளித்தீவுகளில் அனுமதிச் சீட்டு வாங்கிய உல்லாசப் படகுக்காரர்கள் நங்கூரம் போடலாம். அங்கே பிறந்த கிழவி போய்த் தங்கக் கூடாது. இதை எந்தப் பாதுகாப்புக் கணக்கில் எழுதுவது என்று அவளையே கேளுங்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம் கடற்கரையே போதும், அவள் படிக்கும் ஊரிலிருந்து பாம்பன் ரொம்பத் தூரமில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிட்டார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு முங்கும் அவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால்தான் பறிப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். "பாசி வளரலன்னா நாங்க என்னத்தத் திங்கிறது?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். உங்கள் மகள் ஒரு விடுமுறைக்கு அங்கே போய் அவர்களோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டும். பிறகு மறுபடி பேசுங்கள்.

கேள்வி: சாகோஸ் மக்கள் இப்போதாவது திரும்ப முடியுமா ஆச்சி? (வாசகி, காரைக்குடி, பர்மா காலனி)

பதில்: 2025 மே 22-இல் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி தீவுகள் மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு. மற்ற தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸ் ஏற்பாடு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒப்பந்தம் பேசிய மேசையில் தங்களுக்கு இடம் தரவில்லை என்று தீவுக்காரர்கள் பலர் கொதித்துப் போயிருக்கிறார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

கேள்வி: அங்கே தமிழர்கள் இருந்தார்களா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தென்னிந்தியாவிலிருந்தும் கூலிகள் போனார்கள். அவர்கள் பேரன் பேத்திகள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, ஆனால் மீனையும் கோழியையும் தேங்காய்ப் பாலில்தான் சமைக்கிறார்கள். 2021 அக்டோபரில் இன்னொரு கூட்டமும் போய்ச் சேர்ந்தது. கனடாவுக்குப் படகேறிய ஈழத்தமிழ் அகதிகளைப் பிரிட்டிஷ் கப்பல்கள் நடுக்கடலில் மீட்டு டியேகோ கார்சியாவில் இறக்கின. வேலியடைத்த கூடாரத்தில் பிள்ளைகளோடு மூன்று வருஷம் கிடந்தார்கள். மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரை 2024 டிசம்பரில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்பக் கப்பல் கேட்ட ரீட்டா பான்கூலோ மொரீஷியஸிலேயே இறந்துவிட்டார்.