கேஸ்ட்ரிக் பேண்டை இறுக்கினால் எடை வேகமாகக் குறையுமா?

பேண்டை இன்னும் இறுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடை இறங்காமல் நின்றுவிட்டது போலிருக்கிறது. அவசரப்பட்டு இறுக்க வேண்டாம்.

பேண்ட் என்பது உள்பக்கம் பலூன் வைத்த சிலிக்கான் வளையம். உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, லேப்ராஸ்கோபி (சிறு துளை அறுவை) மூலம் அதைப் பூட்டுவார்கள். மேலே 15 முதல் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை மிஞ்சும். வளையம் நழுவாதிருக்க, கீழுள்ள இரைப்பைச் சுவரை அதன்மேல் மடித்துத் தைப்பார்கள். பலூனிலிருந்து வரும் குழாய், தோலுக்கடியில் ஊசி குத்துவதற்கென வைத்த சின்ன அறையில், அதாவது போர்ட்டில், முடியும்.

அறுவை முடிந்து 4 முதல் 6 வாரம் கழித்து, போர்ட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலைன் (உப்புநீர்) ஏற்றுவார்கள். பலூன் உப்ப உப்ப பேண்ட் இறுகும். அதற்கென்றே உள்ள ஹூபர் ஊசிதான் வேண்டும். சாதாரண ஊசி போர்ட்டின் சவ்வைச் சீவியெடுத்துவிடும். பிறகு சலைன் கசிந்து பேண்ட் தானாகத் தளரும்.

அந்தச் சின்னப் பை நிரம்பி நிற்பதால் பசி அடங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நன்றாக மென்ற கவளத்தை உணவுக்குழாய் சில முறை பிழிந்து பேண்டைத் தாண்டித் தள்ளுகிறது. ஒவ்வொரு பிழிவின் அழுத்தமும் அங்குள்ள வேகஸ் நரம்பு முனைகளைத் தூண்டி, ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. கவளம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அது இறங்கும் முன் அடுத்த வாய் போட்டால் மேலே தேங்கும். பையும் உணவுக்குழாயும் நாளடைவில் விரியும்.

அளவுக்கு மீறி இறுக்கினால் திட உணவு இறங்காது. ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் தாராளமாக இறங்கும். மனிதர் அவற்றுக்கு மாறிவிடுவார், எடை ஏறும். உடனே “உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று அவர் மேல் பழி. இது எனக்குப் பொறுக்கவில்லை. சிகிச்சைக்குப் போவதையே குறுக்குவழி என்று ஏசுகிறவர்களும் உண்டு. உடல் பருமன் ஒரு நோய். வேறெந்த நோயாளியை இப்படிப் பேசுவோம்?

படுத்தால் இருமல், நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி: மூன்றும் பேண்ட் இறுகியிருப்பதன் அடையாளங்கள். சலைனைக் குறைக்கச் சொல்லுங்கள். மாறாக, கொஞ்சம் சாப்பிட்டதும் கிடைத்த நிறைவு திடீரெனக் காணாமல் போனாலோ, பல மாதம் கழித்துப் போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் கட்டினாலோ, பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். எண்டோஸ்கோபியில் தெரிந்துவிடும். அரித்திருந்தால் பேண்டை எடுத்தே ஆக வேண்டும்.

பேண்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவையிலும், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் அறுவையிலும் சராசரியாக அதிக எடை குறைகிறது. பேண்ட் போட்டவர்களில் கணிசமானோருக்கு மறு அறுவை தேவைப்படுகிறது. நான் சொல்வது ஏற்கெனவே போட்டுக்கொண்டவருக்கு.

தண்ணீர்கூட இறங்காமல் வயிற்று வலியும் வந்தால், பேண்ட் நழுவி இரைப்பை அதில் சிக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், பேண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிச் சலைனை முழுவதும் எடுக்கச் சொல்லுங்கள்.