நன்கொடையாக வரும் பழைய இதழ்களை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். காலமான ஆசிரியர் ஒருவர் சேர்த்துவைத்த இரண்டு பீரோ வார, மாத இதழ்களை அவர் மகன் தர முன்வந்திருக்கிறார். எதையும் பிரிக்கக் கூடாது என்கிறார். பழைய இதழ் வியாபாரி ஒருவர் இலவசமாகத் தரம்பிரித்துத் தருவாராம். இரட்டைப் பிரதிகளை மட்டும் எடுத்துக்கொள்வாராம். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த வியாபாரியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எது இரட்டைப் பிரதி என்று அவரே முடிவுசெய்தால், சிறுபத்திரிகைகளும் பழைய தீபாவளி மலர்களும் இரட்டைப் பிரதிகளாகிவிடும். 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' நாலைந்து இதழ்கள் அந்தப் பீரோவில் இருந்தால், அவை போன இடம் உங்களுக்குத் தெரியவே வராது. "ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்" என்று வருகிறவர்களிடமும் இதழின் பெயர், மாதம் குறித்துக் கையெழுத்து வாங்காமல் ஒரு தாளும் கொடுக்காதீர்கள்.

இதழ்கள் வருவதற்கு முன் பட்டியல் வர வேண்டும். மகனோடு உட்கார்ந்து இதழின் பெயர், ஆண்டு, மாதம், விடுபட்டவை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் வரிசையின் இடைவெளியை அடைப்பவற்றை வாங்குங்கள். உங்கள் வட்டாரத்தில் வெளியான பள்ளி ஆண்டு மலர், குடமுழுக்கு மலர், சங்க இதழ் எதுவானாலும் யோசிக்காமல் வாங்குங்கள். அவற்றை வேறு எவரும் காப்பாற்றப் போவதில்லை. எங்கும் விற்ற வார இதழ் 20 ஆண்டுக்கு 1,040 பிரதி. தொடர்ச்சி அறுந்த அந்தக் குவியல் உங்களுக்கு வேண்டாம்.

தாளின் ஓரத்தை மெல்ல மடித்துப் பாருங்கள். முறிந்து கையோடு வந்தால் அந்தப் பிரதி வாசகர் கைக்குத் தாங்காது. செல்லரித்த கட்டு ஒன்று உள்ளே வந்தால் மற்ற அலமாரிகளுக்கும் ஆபத்து.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். அந்தக் காலத்தில் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைப்பார்கள். முழு இதழ் அல்ல என்று நூலகர்கள் பலர் அதை ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்கமாட்டேன். மணியம், கோபுலு போன்றவர்கள் தொடருக்கு வாரந்தோறும் வரைந்த படங்களில் பல, கதை புத்தகமானபோது காணாமல் போயின. பக்கத்தின் பின்புறம் சோப்பு விளம்பரமோ, வாசகர் கடிதமோ, பாதியில் அறுந்த சமையல் குறிப்போ இருக்கும். ஆய்வாளருக்கு அதுவும் சான்றுதான். தைத்தவர் ஓரத்தை வெட்டியதில் தேதி போயிருந்தால், விளம்பரத்தில் இருக்கும் பட ரிலீஸ் செய்தியை வைத்து மாதத்தைக் கண்டுபிடிக்கலாம். எல்லா அத்தியாயமும் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

"பிரிக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு எதையும் ஏற்காதீர்கள். வைத்துக்கொள்ளவும், வேறு நூலகத்துக்குத் தரவும், கழிக்கவும் வாசகசாலைக்கு உரிமை உண்டு என்று மகனிடம் கடிதம் வாங்குங்கள். தந்தை பெயரை இதழ்களில் முத்திரையாகப் பதிக்கிறோம் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அரசுக் கிளை நூலகங்களின் நிலையைப் பாருங்கள். பதிவேட்டில் ஏறியதைக் கழிப்பதற்குள் நூலகருக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது. தணிக்கையில் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்து, பொடிந்த தாளையும் கட்டிக் காக்கிறார். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் மக்கள் கட்டுகிறார்கள். வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் இன்னொரு அலமாரியாவது வாங்கியிருக்கலாம்.

எல்லா இதழும் சென்னை கன்னிமாரா நூலகத்தில் இருக்குமே என்றும் இருந்துவிடாதீர்கள். வெளியிடுகிறவர்கள் அதற்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-இல் சட்டம் வந்தது, இரண்டாண்டு கழித்து இதழ்களும் அதில் சேர்ந்தன. ஆனால் அனுப்பாதவருக்கு அதில் எழுதிய அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். எந்தச் சிறுபத்திரிகைக்காரர் அதற்குப் பயப்படுவார்?

உங்களுக்கு இடமில்லாத அரிய இதழ்கள் பட்டியலில் இருந்தால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியலின் நகலை அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை அவை ஆசிரியர் வீட்டுப் பீரோவிலேயே பூட்டியிருக்கட்டும்.