கலப்புக் குழு போட்டும் மாணவர்கள் பிரிந்தே நின்றால்

உட்காரும் இடத்தை விடுங்கள். வேலையைப் பங்கிடும் முறையை மாற்றுங்கள்.

குடிமைப் பாடத்துக்கு வெவ்வேறு மொழி, மதப் பிள்ளைகளைக் கலந்து குழு போட்டும் பழையபடி பிரிந்துவிட்டார்கள் என்கிறீர்கள். குழுவுக்கு ஒரே சுவரொட்டி கொடுத்திருப்பீர்கள். கெட்டிக்காரர் ஒருவரே முடித்துவிடுவார். மற்றவர்கள் பேசிக்கொள்ளத் தேவையே இல்லை.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப் பிரிவினை நீங்கிய சமயத்தில், உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய ஜிக்சா முறை இதற்குத்தான். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர் போல, ஒவ்வொருவர் பகுதியும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.

1. பாடத்தை ஐந்து பகுதியாக்குங்கள். ஐவர் குழுவில் ஆளுக்கு ஒன்று மட்டும். முழுப் பாடம் யார் கையிலும் இருக்கக் கூடாது.
2. ஒரே பகுதி கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் தனியே கூடி 10 நிமிடம் தயாராகட்டும்.
3. குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 4 நிமிடம் சொல்லித்தரட்டும்.
4. ஐந்து பகுதிகளிலும் கேள்வி வைத்துத் தனித்தனியாகத் தேர்வு. குழு மதிப்பெண் வேண்டாம்.

நேரமில்லை என்று இரண்டாம் படியை வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் வாசிப்பில் தடுமாறும் பிள்ளை எல்லார் முன்னும் திணறும், கேலி கிளம்பும், 'அவங்க அப்படித்தான்' என்ற எண்ணம் இன்னும் இறுகும். குழு போடாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

விடைத்தாளில் ஒன்றைப் பாருங்கள்: தன் பகுதியில் நல்ல மதிப்பெண், குறிப்பிட்ட ஒரு நண்பரின் பகுதியில் மட்டும் குழு முழுக்கக் குறைவா? அவர் பேசும்போது யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்றிரண்டு வகுப்பில் பலன் தெரியாது. அதே குழுவைச் சில வாரங்கள் கலைக்காதீர்கள். பள்ளியில் அண்மையில் மத, சாதிச் சண்டை நடந்திருந்தால் அதையே தலைப்பாக எடுக்க வேண்டாம். வாக்குரிமை, பொதுச்சொத்து போன்றவற்றில் தொடங்குங்கள்.