மாதிரி ரயிலின் சின்ன டீசல் எஞ்சின் மெதுவாகப் போகும்போது நின்று நின்று போகிறது. டீகோடரை மாற்ற வேண்டுமா?

கேட்டவர் சொன்னது இது: என்-ஸ்கேல், அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு அளவுள்ள, டீசல் எஞ்சின் ஒன்று, டிசிசி டீகோடர் பூட்டியது. (டிசிசி என்பது தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குக் கட்டளை அனுப்பும் முறை; டீகோடர் எஞ்சினுக்குள் இருந்து அதை வாசித்து மோட்டரை ஓட்டும் சின்னச் சர்க்கிட்.) வேகமாக விட்டால் ஒழுங்காக ஓடுகிறது. மெதுவாக விட்டால் நின்று நின்று போகிறது, பாதை பிரியும் பாயின்ட்டில் ஏறியதும் அப்படியே நின்றுவிடுகிறது. விலை கூடிய டீகோடர் ஒன்று போட்டால் சரியாகுமா?

தயவுசெய்து இப்போது வாங்க வேண்டாம். பத்துக்கு ஒன்பது தடவை குறை டீகோடரில் இருப்பதில்லை. டீகோடருக்குக் கரண்ட் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

நான் திருகோணமலை, உவர்மலையில் இருக்கிறேன். கடல் கிட்ட. இங்கே உப்புக்காற்று ஜன்னல் கொண்டி, விசிறி, கதவுப் பிணைச்சல் எதையும் விடாது. ஒரு மாரி முடிந்தால் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகள் பச்சை பிடித்துவிடும். இந்தப் பிரச்சினையோடு பல வருடம் மல்லுக்கட்டியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். கொழும்பிலிருந்து இரவு ரயிலை இழுத்து வரும் டீசல் எஞ்சின் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. உள்ளே டீசல் இயந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றும், ஜெனரேட்டர் அச்சுகளில் இருக்கும் மோட்டர்களுக்குக் கரண்ட் கொடுக்கும். 1954 தொடக்கம் கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம்2 எஞ்சின்களும் இந்த வகைதான். தண்டவாளத்தில் துருவோ தூசோ இருந்தாலும் அதன் மோட்டருக்கு ஒன்றும் ஆகாது. நம்முடைய சின்ன எஞ்சின் பார்வைக்கு டீசல், வேலையில் மின்சார ரயில். ஒவ்வொரு நொடியும் சில்லு வழியாகத்தான் அதற்கு உயிர் வருகிறது.

அந்தச் சில்லு எவ்வளவு பாரத்தோடு தண்டவாளத்தை அழுத்துகிறது? என் எஞ்சினைச் சமையல் தராசில் வைத்தேன், 80 கிராம். எட்டுச் சில்லு. ஆக ஒரு சில்லுக்கு 10 கிராம். இவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் ஒரு புள்ளி அழுக்கு போதும், தொடுகை விட்டுப்போக.

முன்பு சாதாரண டிசியில், அதாவது தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகம் மாற்றும் பழைய முறையில், ஓடியபோது இது கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் ஒரு கணம் விட்டாலும் மோட்டரோடு இருக்கும் பாரச்சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டித் தள்ளிவிடும். டிசிசியில் கதை வேறு. தண்டவாளத்தில் வரும் மின்னழுத்தமே திசை மாறி மாறிச் செய்தியைச் சொல்கிறது. ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோசெக்கன் நீளமாக இருந்தால் அது 1, 100 மைக்ரோசெக்கனோ கூடவோ இருந்தால் 0. டீகோடருக்குள் நான்கு டயோட் சேர்ந்த பாலம் இதை டிசியாக்கும், ஒரு சின்னக் கணினி செய்தியை வாசிக்கும், அது சொல்கிறபடி டிரான்சிஸ்டர்கள் மோட்டருக்குக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும். தொடுகை சில மில்லிசெக்கன் விட்டாலே அந்தக் கணினி அணைந்து, திரும்ப எழும்பி, தன் எண்ணுக்கு வரும் அடுத்த செய்திக்காகக் காத்திருக்க வேண்டிவரலாம். உங்களுக்கு அது நின்று போவதாகத் தெரிகிறது. எவ்வளவு நல்ல டீகோடரானாலும் கரண்ட் வராவிட்டால் அணையத்தான் செய்யும்.

சரி, குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இதைக் காட்டித் தந்தது என் மருமகன். ஒன்பது வயது. தண்டவாளம் பதித்த பலகையில் கன்னத்தை வைத்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, நிக்கிறதுக்கு முதல் லைட் மினுங்குது" என்றான். நான் அதுவரை சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்விளக்கை எரியவிட்டு, மிக மெதுவாக ஓட்டி, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். நிற்கும்போது விளக்கும் மினுங்கினால் கரண்ட் வரும் வழியில் குறை. விளக்கு நிலையாக எரிய மோட்டர் மட்டும் நின்றால் குறை மோட்டர், பல்சக்கரம் அல்லது வேக அமைப்பில். விளக்கு மினுங்குவது எப்போதும் ஒரே இடத்தில் என்றால் தண்டவாளம், எல்லா இடத்திலும் என்றால் எஞ்சின்.

எஞ்சினுக்குள் கரண்ட் வரும் வழியைப் பலர் பாதிதான் துடைக்கிறார்கள். சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு தொடுகை. சில்லின் அச்சு முனை ஒரு வெண்கலத் தகட்டின் குழியில் சுழல்கிறது, அது இரண்டாவது. அந்தத் தகட்டின் நாக்கு மேலே எஞ்சினின் உலோக உடலை உரசுகிறது, மூன்றாவது. உடலுக்கும் டீகோடரின் தகட்டுக்கும் இடையில் நான்காவது. நான்கும் வெறும் தொடுகைதான், ஒன்றிலும் ஈயம் பிடித்திருக்காது. நீங்கள் சில்லை மினுங்க மினுங்கத் துடைத்தாலும் மற்ற மூன்றில் ஒன்று கறுத்திருந்தால் பயனில்லை.

என் எஞ்சினில் மூன்றாவதுதான் குற்றவாளி. நாக்கு உரசும் இடம் உப்புக்காற்றில் கறுத்திருந்தது. அழிரப்பரால் தேய்த்தேன், இரண்டு மாதம் நன்றாக ஓடியது, திரும்பக் கறுத்தது. அதனால் அந்த வழியையே விட்டுவிட்டேன். நான்கு வெண்கலத் தகடுகளிலும் தலைமுடி அளவு மெல்லிய, பல இழை வயர்களை ஈயம் பிடித்து நேரே டீகோடரின் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் கொண்டுபோனேன். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது. தகட்டைக் கழற்றி வெளியில் எடுத்துத்தான் ஈயம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போகியின், அதாவது சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டத்தின், பிளாஸ்டிக் உருகிவிடும். வயர் போகி திரும்பும் மையத்துக்குக் கிட்ட மேலே ஏற வேண்டும். ஓரமாக விட்டால் வளைவில் வயர் விறைத்துச் சில்லைத் தூக்கும், பிறகு வேறு பிரச்சினை. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. நான் செய்த வேலைகளில் மிகப் பலன் தந்தது இதுதான்.

எஞ்சினில் ரப்பர் வளையம் போட்ட சில்லு இருந்தால் அதையும் யோசியுங்கள். இழுவைக்கு நல்லது, ஆனால் அந்தச் சில்லு கரண்ட் எடுக்காது. எட்டில் இரண்டு போனால் மிஞ்சுவது ஆறு. என் பலகை மட்டமானது, ஏற்றம் இல்லை, ஆறு பெட்டிக்கு மேல் இழுப்பதில்லை. அதனால் வளையமில்லாத சில்லாக மாற்றிவிட்டேன்.

துடைப்பதைப் பற்றி. நானும் ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட்தான் பாவித்து வந்தேன். அழுக்கு நன்றாகப் போகும், ஆனால் சில நாளில் திரும்பக் கறுக்கும். அது முனைவுள்ள கரைப்பான். தண்டவாளத்தில் தங்கும் அதன் எச்சம், சில்லடியில் பறக்கும் நுண்ணிய தீப்பொறியோடு சேர்ந்து கறுப்பு வருவதைக் கூட்டுகிறது என்பது இந்தப் பொழுதுபோக்கில் பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். மண்ணெண்ணெய் முனைவற்றது. துணியில் சில துளி எடுத்துத் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் நன்றாக ஒற்றி எடுத்தேன். கச்சான் காற்றுக் காலத்தில் வாரம் ஒரு தடவை துடைத்த பாதையை இப்போது மாதம் ஒரு தடவை துடைக்கிறேன். கரண்டை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ரப்பர் வளையத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

தண்டவாளத்தில் குறை என்றால் இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து தனி வயர் கொடுத்து ஈயம் பிடியுங்கள். முடிந்ததும் பலகையின் மிகத் தூரமான மூலையில் 10 ரூபாய்க் குத்தி ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே கரண்டைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அந்த இடத்துக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. பாயின்ட்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக் என்றால் உங்கள் எஞ்சின் அங்கே நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்த இடம் உலோகமாக இருந்து, பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்பக் கரண்ட் மாறும் வகையை வாங்குங்கள். டீகோடருக்கு வைத்திருக்கும் காசை இதில் போடலாம்.

கரண்ட் விடும் கணத்தில் சேமித்ததைக் கொடுக்கும் கொண்டென்சர் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தை 160-ஆல் பிரித்தால் சின்ன எஞ்சின் செக்கனுக்கு 17 மி.மீ. போகும். 1 மி.மீ. அழுக்கைத் தாண்ட ஏறக்குறைய 60 மில்லிசெக்கன். மோட்டர் 100 மில்லிஅம்பியர் எடுக்கிறது, 12 வோல்ட் 7 வரை இறங்கலாம் என்று வைத்தால் 220 மைக்ரோபரட் 11 மில்லிசெக்கன் தாங்கும், 1000 மைக்ரோபரட் 50. அதாவது 1000 போட்டும் 1 மி.மீ. முழுதாகத் தாண்டவில்லை. என்-ஸ்கேல் எஞ்சினின் கூட்டுக்குள் விரல் அகலம்கூட இல்லை, இதற்கு மேல் எங்கே வைப்பது? உதவி உண்டு, ஆனால் அது கடைசி வேலை. போடுவதென்றால் 25 வோல்ட் தாங்குவதாக, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரம்பி டயோட் வழியாக வெளியேறும்படி போடுங்கள். நேர்முனை டீகோடரின் நீல வயருக்கு, அதுதான் அதன் பொது நேர்முனை. எதிர்முனை டீகோடரின் உள் எதிர்முனைக்கு. கறுப்பு வயருக்கு அல்ல, அது தண்டவாளம்.

இவ்வளவுக்கும் பிறகு டீகோடரைக் கழற்றிப் பூட்ட நேர்ந்தால், நான் ஒன்றை எரித்த கதையைக் கேளுங்கள். என்-ஸ்கேல் எஞ்சினின் உலோக உடல் பெரும்பாலும் இரண்டு பாதி. ஒரு பாதி இடது தண்டவாளம், மறுபாதி வலது. டிசியில் மோட்டரின் இரண்டு செப்பு நாக்குகளும் பாதிக்கு ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும். டிசிசியில் அவை டீகோடரிலிருந்து மோட்டருக்கு வரும் செம்மஞ்சள், சாம்பல் வயர்களைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. நான் மேல் நாக்கை வெட்டி எடுத்துவிட்டு, கீழ் நாக்கு கொஞ்சம் வளைந்து உடலில் படுவதைக் கவனிக்கவில்லை. தண்டவாளத்தில் வைத்த கணமே மணம் வந்தது. கொழும்பிலிருந்து அந்த டீகோடர் வரக் காத்திருந்தது மூன்று வாரம், பாவித்தது ஒரு செக்கன். இப்போது மல்டிமீட்டரைச் சத்தம் எழுப்பும் அளவில் வைத்து, ஒரு முனையை மோட்டர் நாக்கிலும் மறு முனையை எட்டுச் சில்லிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்காமல் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைப்பதில்லை. ஒரு சத்தமும் வரக்கூடாது. உடலுக்கும் மோட்டருக்கும் இடையில் சூடு தாங்கும் கப்டன் டேப் ஒட்டுங்கள், சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் இளகி நகரும்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. டீகோடருக்குள் நாம் மாற்றக்கூடிய, எண்ணிட்ட அமைப்புகளைச் சிவி என்பார்கள். சிவி29 உங்கள் டீகோடரில் 6 என்று இருந்தால் 2 ஆக்குங்கள். குறையும் அந்த 4, டிசியிலும் ஓடலாம் என்ற அனுமதி. அழுக்கான இடத்தில் செய்தி குழம்பும்போது டீகோடர் அதை டிசி என்று நினைத்து எஞ்சினை முழு வேகத்தில் விட்டுவிடும். அனுமதியை எடுத்துவிட்டால் அது நடக்காது.

இவ்வளவும் செய்து, முன்விளக்கு பாயின்ட் உட்பட ஒரு சுற்று முழுக்க நிலையாக எரிந்தும் எஞ்சின் நின்றால், அப்போது மோட்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சினின் பெயரையும் கிளம்பும்போது மோட்டருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சொல்லும் சிவி2-ல் இருக்கும் எண்ணையும் கேள்வியில் சேர்த்து விடுங்கள், அதைப் பார்த்து எழுதுகிறேன்.