பிளாஸ்கில் அடங்கியது ரியாக்டரில் ஏன் அடங்குவதில்லை? கெமிக்கல் இன்ஜினியரிங்: கேள்வி பதில்

கேள்வி: வேதியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தால் அதையே நான்கு வருடமும் படிக்கலாமா? பி.எஸ்சி. வேதியியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
(பிளஸ் டூ மாணவி, நாமக்கல்)

பதில்: கணக்கும் இயற்பியலும் பிடிக்காது, வேதியியல் மட்டும் போதும் என்றால் தயங்காமல் பி.எஸ்சி. சேருங்கள். கெமிக்கல் இன்ஜினியரிங்கில் வேதியியல் பாடங்கள் குறைவு. வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, திரவம் குழாயில் எப்படி ஓடுகிறது, உள்ளே போன பொருளுக்கும் வெளியே வந்த பொருளுக்கும் கணக்கு சரியா என்பவைதான் அதிகம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெப்பத்தை வெளிவிடும் ஒரு வினையை 5 லிட்டர் பிளாஸ்கில் செய்கிறீர்கள். கீழே ஐஸ் தண்ணீர் வைத்தால் அடங்கிவிடும். அதே வடிவத்தை 5000 லிட்டர் ரியாக்டராகப் பெரிதாக்கினால் கொள்ளளவு 1000 மடங்கு ஆகிறது, குளிர்விக்கும் சுவரின் பரப்போ 100 மடங்குதான் ஆகிறது. அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ச்சிப் பரப்பு பத்தில் ஒன்றாகிவிட்டது. வெப்பம் தேங்கினால் வினை வேகமெடுக்கும், வேகமெடுத்தால் இன்னும் வெப்பம் வரும். இப்படித்தான் ரியாக்டர் கைமீறிப் போகிறது.

அதனால் ஆலையில் இரண்டு பொருளையும் ஒன்றாகக் கொட்டமாட்டார்கள். ஒன்றை முழுதாக ஏற்றிவிட்டு, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். நடுவில் அஜிடேட்டர் (உள்ளே கலக்கும் கருவி) நின்றுபோனால் விட்டுக்கொண்டிருக்கும் பொருள் வினைபுரியாமல் ஒரு பக்கமாகச் சேரும். அதைக் கவனிக்காமல் அஜிடேட்டரை மறுபடி ஓட்டினால் சேர்ந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் வினைபுரியும். அஜிடேட்டர் நின்றால் பொருளை உள்ளே விடும் ஃபீட் வால்வு தானாக மூடிக்கொள்ளும்படி இன்டர்லாக் வைப்பது இதற்காகத்தான். வினையைக் கண்டுபிடிப்பவர் வேதியியலாளர், இந்த வால்வைப் பற்றி யோசிப்பவர் கெமிக்கல் இன்ஜினியர்.

கேள்வி: மெக்கானிக்கல், சிவில் எல்லாம் பழைய படிப்புகள். இது எப்போது தனிப் படிப்பானது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. உப்பிலிருந்து சோடா தயாரித்த லெபிளாங்க் ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை ஊர்மேல் விட்டதால் 1863-இல் ஆல்கலி சட்டம் வந்தது. அந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்றது சட்டம். அதன் ஆய்வாளர்களில் ஒருவரான ஜார்ஜ் டேவிஸ் ஆலை ஆலையாகப் போனபோது ஒன்றைக் கண்டார்: பொருள் வேறானாலும் செய்யும் வேலை ஒன்றுதான். காய்ச்சுவது, வடிப்பது, உலர்த்துவது, கரைப்பது. 1887-இல் மான்செஸ்டரில் இதைப் பன்னிரண்டு சொற்பொழிவுகளாக நடத்தினார். மறுவருடமே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லூயிஸ் நார்ட்டன் பட்டப்படிப்பைத் தொடங்கினார். இந்த அடிப்படை வேலைகளுக்கு ‘யூனிட் ஆபரேஷன்’ என்று 1915-இல் பெயர் வைத்தவர் ஆர்தர் லிட்டில். சர்க்கரை ஆலையில் சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரைப் புரிந்துகொண்டவருக்குப் பால் பவுடர் ஆலையின் எவாப்பரேட்டரும் புரியும். இந்தப் படிப்பின் பலமே அதுதான்.

ஜெர்மனியில் கார்ல் போஷ் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா எடுக்க முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியவர் ஹேபர். அதைச் சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்தில், 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் பெரிதாகச் செய்யப் போனபோது எஃகுக் குழாய்கள் 80 மணி நேரத்தில் வெடித்தன. ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதிலுள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, எஃகை நொறுங்க வைத்தது. அழுத்தத்தைத் தாங்கக் கார்பன் வேண்டும், ஹைட்ரஜனுக்குத் தப்பக் கார்பன் கூடாது. போஷ் இரண்டு வேலையையும் பிரித்தார். உள்ளே கார்பன் இல்லாத மென்மையான இரும்பு உறை, வெளியே அழுத்தம் தாங்கும் எஃகு. உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் வெளியேற எஃகில் சின்னச் சின்னத் துளைகள். 1913-இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைய யூரியா மூட்டைக்கு அடியில் அந்தத் துளைகள் இருக்கின்றன.

இந்தியாவில் 1921-இல் ஹீராலால் ராய், பின்னாளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமான கல்கத்தா கல்வி நிறுவனத்தில் இந்தப் படிப்பைத் தொடங்கினார். சென்னையில் அழகப்பா செட்டியாரின் கொடையால் 1944-இல் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) வந்தது.

கேள்வி: சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். எவாப்பரேட்டரிலும் கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) லைனிலும் அடிக்கடி அடைப்பு வருகிறது. காரணம் என்ன? மேலே படிக்க வழியுண்டா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைதான் அங்கே பிழைப்பு. ஆர்.ஓ., எவாப்பரேட்டர், உப்பைப் படிகமாக்கும் கிரிஸ்டலைசர் என்று ஒரு கெமிக்கல் பிளான்ட்டையே நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு அடைப்புகள். எவாப்பரேட்டர் குழாயில் படிவதைச் சுரண்டி எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட். நீர்த்த சல்ஃபாமிக் அமிலத்தைச் சுற்றவிட்டால் கரைந்துவிடும். நுரைக்கவில்லை என்றால் பெரும்பாலும் கால்சியம் சல்ஃபேட் அல்லது சிலிக்கா. இதற்கு அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போவது வீண், குழாய்தான் அரிக்கும். ஆர்.ஓ. ரிஜெக்ட்டை (ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்பு நீரை) எவாப்பரேட்டருக்கு அனுப்பும் முன் கடினத்தன்மையையும் சிலிக்காவையும் இறக்குவதே நிலையான தீர்வு. இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: நிறம் போக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போகும் லைனில் நன்றாகத் தண்ணீர் ஓட்டிக் கழுவாமல் அமிலம் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

உப்பு லைனில் நடப்பது வேறு. சோடியம் சல்ஃபேட் 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 50 கிராம் கரையும், 0 டிகிரியில் 5 கிராம்தான். குளிரவைத்தால் உப்பு பிரிவது இதனால்தான். பிரியும்போது ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு படிகமாகிறது. ஆகவே பம்ப் நின்று, செறிவான கரைசல் குழாயில் தங்கி, மார்கழி இரவில் ஆறினால் உள்ளே திரவம் குறைந்துபோய், படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குழாய் கல்லாக இறுகிவிடும். பம்பை நிறுத்துமுன் சில நிமிடம் வெந்நீர் ஓட்டுங்கள். குழாய்க்கு இன்சுலேஷன் போடுங்கள். குழாயைத் தட்டையாக விடாமல் டாங்கை நோக்கிச் சரிவாக அமையுங்கள். வளைவுகளில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்ட இணைப்பு) வைத்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

பிளஸ் டூவில் கணக்கு படித்திருந்தால் பி.எஸ்சி. பட்டத்தோடு பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். உங்கள் அனுபவத்தோடு அந்த வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் வேறு மாதிரி ஏறும்.

கேள்வி: மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கேம்பஸில் ஐ.டி. நிறுவனங்கள்தான் வருகின்றன. ஆலை வேலை எங்கே கிடைக்கும்?
(தாய், விருதுநகர்)

பதில்: மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரமும், தூத்துக்குடியில் சோடாவும் உரமும், கடலூரில் சிப்காட், மேட்டூரில் காஸ்டிக் சோடா. இவை தவிர மருந்து, பெயின்ட், சிமென்ட், காகிதம், சர்க்கரை, பால், டயர். பெயரில் ‘கெமிக்கல்’ இல்லாத ஆலைகளையும் தேடச் சொல்லுங்கள். டிசைன் அலுவலக வேலை வேண்டுமென்றால் ஆஸ்பென் போன்ற சிமுலேஷன் மென்பொருளை இப்போதே பழக வேண்டும்.

பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில் இதற்குத் தனித் தாள் உண்டு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். சில பொதுத்துறை நிறுவனங்கள் இதை வைத்து ஆள் எடுக்கின்றன, சில தனித் தேர்வு நடத்துகின்றன. வருடந்தோறும் இது மாறுவதால் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யட்டும். படிப்பு முடிந்ததும் ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சிக்கு, சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியத்தின் வழியே போகலாம். உதவித்தொகை குறைவுதான், ஆனால் ஆலைக்குள் கால் வைக்க நல்ல வாசல் அது. முதல் சில மாதம் ஆலையின் குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நடந்து நடந்து பார்க்கும் வேலையாக இருக்கும். சலிப்பாக இருந்தாலும் விடக் கூடாது.

கேள்வி: பெண்களை நைட் ஷிஃப்ட்டில் எடுப்பார்களா?
(பி.டெக். மாணவி, காரைக்குடி)

பதில்: பெண்களின் இரவுப் பணியைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்துவிட்டது. இருந்தும் சில ஆலைகள் பெண்களை லேபுக்கும் டிசைனுக்கும் மட்டும் எடுக்கின்றன. எங்கள் கருத்தில் இது தவறு. பிளான்ட் அனுபவம் இல்லாதவருக்குப் பின்னாளில் பிளான்ட் மேனேஜர் பதவி வராது. நேர்முகத் தேர்விலேயே புரொடக்‌ஷன் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலினைப் பெரிய டாங்குகளில் வளர்க்கும் ஆலையை வடிவமைத்தவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற பெண் கெமிக்கல் இன்ஜினியர்.

கேள்வி: இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?
(இறுதியாண்டு மாணவர், சேலம்)

பதில்: ‘பம்பில் ஜல்லிக்கல் உருளும் சத்தம் வருகிறது, என்ன செய்வாய்?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து, திரவம் ஆவிக் குமிழாகி, உள்ளே போய் உடைகிறது, இது கேவிடேஷன். டாங்கில் மட்டம் இறங்கியதா, சக்‌ஷன் (உறிஞ்சும் பக்க) ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி அடைத்ததா, திரவம் வழக்கத்தைவிடச் சூடா என்று வரிசையாகச் சொல்லுங்கள். அதுவரை டெலிவரி (வெளியேற்றும் பக்க) வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைக்கலாம். சக்‌ஷன் வால்வை மூடுவேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேவிடேஷன் இன்னும் கூடும்.